முனியாண்டி ஆட்டுக்கு ஒரு பாட்டு

தேநீருக்கு நன்றி ஐயா. சீனி போட்ட தேநீர் குடித்து நெடுநாள் ஆகிறது. பால் வேண்டாம் என்றதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டின்னில் அடைத்துக் கப்பலில் வந்தாலும் அது கன்றுக்குட்டிக்கு உரிய பால்தான். அதைக் குடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

நீங்கள் குனிந்து எழுதிக்கொண்டே கேட்பது வசதியாக இருக்கிறது. முகத்தைப் பார்த்துக் கேட்கிறவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் எழுதச் சொன்னால் எழுதுவேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கருப்பாயி அக்கா என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். அவர் கணவர் ஐயாசாமி அண்ணன் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்களால் பிடித்துச் செல்லப்பட்டவர், திரும்பி வரவில்லை. அதற்கு நான் எழுதிய ஒரு பாட்டுதான் காரணம் என்று அக்கா சொல்கிறார். நான் மறுக்கப்போவதில்லை. என் பாட்டுக்கு ஏதோ ஒரு சக்தி உண்டு என்று இந்தத் தோட்டத்தில் ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அதற்காக அவரிடம் எனக்கு நன்றியும் உண்டு. ஆனால் அவர் நடந்ததை மட்டும் சொல்லியிருப்பார், காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டார். காரணம் தெரியாமல் எழுதிக்கொண்டு போனால் உங்களுக்குத்தான் குழப்பம்.

நீங்கள் இந்தியாவிலிருந்து பட்டாளத்தோடு வந்தவர். எங்கள் புக்கிட் மெராந்தி ரப்பர்த் தோட்டம் சாஆ பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. என் அப்பா மரியநாதன் இங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். ஜப்பான்காரர்கள் வருமுன் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். போகும்போது ஆபீஸ் சாவியை அப்பாவிடம் கொடுத்தார், நாயையும் கொடுத்தார். அந்த நாயைப் பற்றித்தான் நான் முதன்முதலில் நான்கு வரி எழுதினேன். அது பசியில் செத்துப்போனது. வரிகளும் நன்றாக இல்லை. அதை விட்டுவிடலாம்.

நான் சண்டைக்கு முன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதை மூடி ஜப்பானியப் பள்ளிக்கூடமாகத் திறந்தார்கள். அங்கேயும் சில மாதம் போனேன். காலையில் கிழக்கே பார்த்துக் குனிந்து உரக்கப் பாட வேண்டும். எனக்கு வாய் திறக்கவில்லை. அறைந்தார்கள். மறுபடியும் திறக்கவில்லை. அப்பா நின்றுவிடச் சொன்னார். ஆனால் அவர்கள் பாஷையை எழுத நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன். அது அப்பாவுக்கே சரியாகத் தெரியாது.

அதன்பிறகு பகலில் ஆயாக் கொட்டகையில் உதவிக்குப் போனேன். பெற்றவர்கள் வேலைக்குப் போனபின் லயத்துக் குழந்தைகளை, அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டுக் குழந்தைகளை, விட்டுவைக்கும் கொட்டகை அது. கருப்பாயி அக்காதான் அங்கே ஆயா. குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, அப்பா தூக்கிப்போட்ட பழைய காகிதங்களைத் தைத்து நோட்டு செய்து, யாருக்கும் தெரியாமல் எழுதுவேன். எல்லாம் பிராணிகளைப் பற்றிய பாட்டுகள். மனிதர்களுக்கு வாய் இருக்கிறது, வேண்டியதைக் கேட்டுக்கொள்வார்கள். மாட்டுக்கு யார் கேட்பது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஐயாசாமி அண்ணன் தோட்டத்து மாட்டுவண்டி ஓட்டுகிறவர். வெள்ளையன் என்று ஒரே ஒரு மாடு. ரப்பர் விற்பனை நின்றுபோய், மரத்தை வெட்டி மரவள்ளி நட்ட காலம் அது. தண்ணீர்ப் பீப்பாயும் மரவள்ளி மூட்டையும் மேட்டில் ஏற வேண்டும். மாடு நின்றால் அவர் பிரம்பால் அடிப்பார். பெரிய அடி இல்லை, ஆனால் அடி. அதைப் பார்த்துப் பாட்டு எழுதி, சதாசிவம் வாத்தியார் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

சதாசிவம் வாத்தியார் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் அவரும் மண்வெட்டியோடு மரவள்ளி நடப் போனார். சாயங்காலத்தில் எல்லாரும் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற இடம் அது. வாத்தியார் அங்கே கதை சொல்வார், பாட்டுப் படிப்பார். பசியை மறக்க வேறு வழி இல்லை. என் பாட்டையும் அங்கேதான் எடுத்துப் படித்தார். யார் எழுதியது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தோட்டத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக் கோணல் எழுத்து ஒருத்திக்குத்தான் உண்டு.

"ஐயோ என் அருமை மாடே, அழுகின்றாயோ, ஐயையோ உன் கண்ணீரும் ஆறாய் ஓடுதோ" என்று அது தொடங்கும். இரண்டாவது வரியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் காகிதத்தை மடித்தார்.

"பாப்பா, பாட்டு முழுக்க ஐயோ இருக்கு. மாட்டைத்தான் காணோம்" என்றார்.

நான் அப்பாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாசாமி அண்ணன் எழுந்து, வண்டியோட்டுகிற பாவனையில், அதே மெட்டில் பாடினார்:

"ஐயோ என் அருமை மாடே, அழுகின்றாயோ, அரைத்துண்டு மரவள்ளிக்கு நானும் அழுகிறேன்."

லயமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் தோள் குலுங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

"பாப்பா, மாட்டுக்கு எழுதிட்டே. மாட்டுக்காரனுக்கும் ஒண்ணு எழுதேன் லா. நானும் இப்ப நாலு கால்லதான் நடக்கறேன்" என்றார் ஐயாசாமி அண்ணன்.

நான் கோபப்படவில்லை. குறை சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு எழுத்து வராது என்பது என் கருத்து. வீட்டுக்குப் போய், வாத்தியார் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். பாட்டில் மாடு வேண்டும். ஐயாசாமி அண்ணன் பாடியதையும் எழுதிக்கொண்டேன். அது பாடுவதற்கு என் பாட்டைவிட நன்றாக இருந்தது. அவரிடமிருந்தும் கற்றுக்கொள்ள இருக்கிறது என்று தோன்றியது.

பிறகு பல நாள் வெள்ளையனைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தேன். இரண்டாவது பாட்டு எழுதினேன். "வெள்ளையன் கழுத்திலே நுகத்தடிப் புண்ணு, ஈ வந்து மொய்க்குது, வாலு எட்டல." வாத்தியார் அதையும் பெரட்டுக்களத்தில் படித்தார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. "இப்ப மாடு வந்துடுச்சு" என்று தலையாட்டினார். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. பாட்டில் அடி விழுகிறது, அடிக்கிற கையைக் காணோமே, கை இல்லாமல் பிரம்பு தானாக விழுமா என்றார். உடனே ஐயாசாமி அண்ணன் தன் கையைத் தூக்கிக் காட்டி, கை இங்கே இருக்கிறது, பாப்பா மரியாதைக்கு விட்டுவிட்டாள் என்றார். மறுபடியும் சிரிப்பு.

அதையும் எழுதிக்கொண்டேன். அடிக்கிற கை பாட்டில் தெரிய வேண்டும்.

கருப்பாயி அக்காவும் குறை சொன்னவர்தான், ஆனால் அன்பாகச் சொல்வார். தன் பங்கு மரவள்ளி அடையைப் பிட்டு எனக்குத் தருவார். நான் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுவிட்டு, வரிகள் நீளம், குழந்தைகளின் வாய் சின்னது, கேள்வியும் பதிலுமாக எழுதினால் பாடுவார்கள் என்றார். அதுவும் நல்ல யோசனை. அவர் மகள் செல்லம் அப்போது கொட்டகையிலேயே நன்றாகப் பாடுகிற குழந்தை. ஒருமுறை கேட்டால் போதும், தப்பில்லாமல் திருப்பிச் சொல்வாள். அவளுக்கு அர்த்தம் தெரிய வேண்டியதே இல்லை.

இனி ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பக்கத்துத் தோட்டங்களுக்குச் சயாம் லாரி வரத் தொடங்கியிருந்தது. சம்பளம், அரிசி, துணி எல்லாம் தருவதாகச் சொல்லி ஆண்களை ஏற்றிப் போனார்கள். பிறகு சொல்லாமலே ஏற்றினார்கள். எங்கள் தோட்டத்துக்கும் ஆள் கேட்டு வந்தார்கள். ஆனால் லயத்து ஆட்கள் மேட்டில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். லாரி திரும்புவது தெரிந்ததும் அவர் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவார். ஆண்கள் எல்லாரும் காட்டுக்குள் போய்விடுவார்கள். லாரி காலியாகப் போகும். அந்த மாதிரி ஒருநாள், காலி லாரிக்குப் பதில் சொல்லச் சொல்லி ஜப்பான் அதிகாரி அப்பாவைக் களத்தில் நிற்க வைத்து அறைந்தார். அப்பாவின் கண்ணாடி மண்ணில் விழுந்தது. காட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் அப்பாவுக்காக வருத்தப்பட்டார்கள். இதைத் தனியாகச் சொல்கிறேன். பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

லயத்து ஆண்கள் சயாமுக்குப் போகாமல் தப்ப வேண்டும் என்று முனியாண்டிக்கு ஒரு ஆடு நேர்ந்துகொண்டார்கள். ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கறுப்புக் கிடாய். ஆடு, கோழி எல்லாவற்றையும் ஜப்பான்காரர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும், அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று உத்தரவு. அதனால் கிடாயை மூங்கில் புதருக்கு அப்பால், பழைய புகைக்கொட்டகையில் ஒளித்து வைத்தார்கள். முன்பு ரப்பர் தாளைப் புகைபோட்ட இடம். மனிதர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றார்கள், கிடாய் அதன் இலையைத் தின்றது. ஐயாசாமி அண்ணன்தான் தினமும் இலை கொண்டுபோய்ப் போடுவார். வெட்டப்போகிறவரும் அவரே. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் சதாசிவம் வாத்தியார் மட்டும்தான் என்பதால் நாளைக் குறித்துக் கொடுத்தது அவர்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். முனியாண்டி பூசை எங்களுக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் கிராணிக்கு முதல் மாலை போடுவது தோட்டத்து வழக்கம். அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் கோயிலுக்கு வெளியே நின்று மாலையை வாங்கிக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வார்.

யாரும் இல்லாத நேரத்தில் நான் கிடாயைப் பார்க்கப் போவேன். அதற்கு நான் பாடியும் காட்டினேன். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை விட்டால், என் வாழ்நாளில் நான் வாய்விட்டுப் பாடியது அதன் முன்னால் மட்டும்தான். அது கடைசிவரை கேட்டது. பிறகு பாட்டு எழுதிய காகிதத்தைத் தின்றுவிட்டது. அதையும் ஒரு விமர்சனமாகவே எடுத்துக்கொண்டேன். சுருக்கமாக எழுத வேண்டும்.

அந்தக் கிடாயை வெட்டக்கூடாது என்று ஒரு பாட்டு எழுதி வாத்தியாரிடம் நேரில் கொடுத்தேன். அவர் ஓரமாக நின்று இருமுறை படித்தார்.

"எங்க நடக்குது, எப்ப நடக்குது, யாரு வெட்டுறா? ஒண்ணுமே இல்லையே பாப்பா. பாட்டு அந்தரத்துல தொங்குது. கேக்கறவனுக்கு எடம் தெரியணும், நேரம் தெரியணும், ஆள் தெரியணும். அப்பத்தான் பாட்டு" என்றார்.

அது அவர் பழக்கம். பசித்திருந்தாலும் பாட்டைக் கண்டால் திருத்துவார். அதன்பிறகுதான் அது எந்த ஆடு என்று அவருக்கு உறைத்தது. முகம் மாறிவிட்டது. இப்படி ஒன்றை எழுதவே கூடாது, ஆடு இருப்பது வெளியே தெரிந்தால் எல்லாருக்கும் ஆபத்து என்றார். காகிதத்தைக் கிழித்து, பக்கத்தில் அவர் மனைவி பற்றவைத்திருந்த அடுப்பில் போட்டார். பிறகு என் தலையைத் தடவினார். இதில் உனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, பாட்டும் அவ்வளவு நன்றாக வரவில்லை என்றார்.

எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்ன குறை நியாயமானது. இடம், நேரம், ஆள்.

ஐயாசாமி அண்ணனுக்கும் விஷயம் போயிருந்தது. மறுநாள் வண்டியை நிறுத்தி என்னிடம் பேசினார். அன்று அவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"ஆட்டுக்கு அழுவாதே பாப்பா. ஒரு ஆடு போனா இத்தனை ஆம்பளை மிஞ்சுவான். கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்றார்.

அவர் போனபின் அந்தக் கணக்கை நான் மறுபக்கமிருந்தும் போட்டுப் பார்த்தேன். அப்படிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் வாரம் ஒருமுறை அதிகாரி வருவார். மரவள்ளி எவ்வளவு, கோழி எவ்வளவு என்று பார்த்துவிட்டு, போகும் வழியில் ஆயாக் கொட்டகையில் நிற்பார். குழந்தைகளைக் கண்டால் அவருக்குப் பிடிக்கும். தன் நாயின் படம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார், அதைக் குழந்தைகளுக்குக் காட்டுவார். அப்பாவை அறைந்த அதே கைதான். ஆனால் நாயின் படத்தை மெதுவாகப் பிடித்திருப்பார். அதைக் கவனித்தேன். இவருக்குப் பிராணிகள்மேல் இரக்கம் உண்டு என்று முடிவுசெய்தேன்.

ஒருநாள் கருப்பாயி அக்கா சொன்னார்:

"தமிழ்ப் பாட்டு சோறு போடுமா கண்ணு? உனக்குத்தான் சப்பான் பாஷை தெரியுமே. புள்ளைங்களுக்கு அதுல ஒரு பாட்டு சொல்லிக்குடு. அந்த ஆளு மிட்டாயாவது குடுப்பான்."

இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும் ஐயா. கேட்டது அவர். யாரும் கேட்காமல் நான் குழந்தைகளுக்கு அந்தப் பாஷையில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதுவரை வந்த எல்லா யோசனைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். கேள்வியும் பதிலும். சின்ன வரிகள். ஐயோ கிடையாது. பெயர்களைப் போடவில்லை. பெயர் வந்தால் வேற்றுப் பாஷையிலும் லயத்தில் அடையாளம் தெரிந்துவிடும். அதனால் தொழிலைப் போட்டேன். உங்களிடம் இருக்கும் மொழிபெயர்ப்பு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. நானே தமிழில் சொல்கிறேன்:

கறுப்பு ஆடே, கறுப்பு ஆடே, எங்கே இருக்கிறாய்?
மூங்கில் தாண்டி, புகைபோட்ட வீட்டில் இருக்கிறேன்.

கறுப்பு ஆடே, கறுப்பு ஆடே, இலை கொடுப்பது யார்?
வண்டி ஓட்டும் மாமா கொடுப்பார், கத்தியும் அவரிடம்.

கறுப்பு ஆடே, கறுப்பு ஆடே, நாள் குறித்தது யார்?
பள்ளிக்கூட ஆசிரியர்தான் நல்ல நாள் பார்த்தார்.

கறுப்பு ஆடே, கறுப்பு ஆடே, எப்போது சாவாய்?
வெள்ளிக்கிழமை வெயில் சாய, ஆண்கள் எல்லாம் கூடும்போது.

குழந்தைகள் எல்லாரும் கேள்வியைப் பாடுவார்கள். ஆடாக நின்று பதில் பாட ஒரு நல்ல குரல் வேண்டும். செல்லத்தை நிறுத்தினேன். தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக்கொண்டு அவள் பாடியபோது கருப்பாயி அக்கா கைதட்டித் தாளம் போட்டார். ஐயாசாமி அண்ணன் வண்டியை நிறுத்தி எட்டிப்பார்த்தார். மகள் அந்நிய பாஷை பேசுவதில் அவருக்குப் பெருமை. சதாசிவம் வாத்தியாரும் மண்வெட்டியோடு அந்த வழியாக வந்தார். ஜப்பான் பாஷையில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல், ஆசிரியர் என்பது. அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"சென்செய்னு வருதே. என்னைப் பத்தியா பாப்பா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவருக்குச் சந்தோஷம். இந்தமுறை ஒரு குறையும் சொல்லவில்லை.

அதிகாரி வந்த அன்று குழந்தைகள் பாடினார்கள். முதல்முறை அவர் சிரித்துக் கைதட்டினார். இரண்டாவது முறை பாடச் சொன்னபோது சிரிக்கவில்லை. மூன்றாவது முறை செல்லத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மெதுவாகப் பாடச் சொல்லிக் கேட்டார். அவள் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அவளுக்கு இரண்டு கை நிறைய மிட்டாய் கொடுத்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். குழந்தைகள் என்னைக் காட்டினார்கள். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். என் பாட்டைக் கேட்டுவிட்டு ஒருவர் வணங்கியது அதுதான் முதல்தடவை. இந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் அது தோன்றியதில்லை.

அதற்கும் வெள்ளிக்கிழமைக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் இருந்தன என்பது உண்மை. நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை, கருப்பாயி அக்கா செல்லத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, சொல்லலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சொன்னேனே, முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

வெள்ளிக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினார். போக வேண்டாம் என்றேன். மாதா கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் சுவாமியார் இதைக் கேள்விப்பட்டால் வருத்தப்படுவார் என்றேன். அப்பா கேட்கவில்லை. அதனால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். நல்ல அப்பா.

மேட்டில் டின் தட்டுகிறவரும் அன்று பூசைக்குப் போயிருந்தார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, அவருக்கும் வேண்டுதல் உண்டு. கோயிலில் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் லாரிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சிப்பாய்கள் மூங்கில் பக்கமிருந்து நடந்து வந்தார்களாம். வீட்டில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: தப்புச் சத்தம் நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பெண்கள் குரல்.

எல்லா ஆண்களையும் ஏற்றினார்கள். ஐயாசாமி அண்ணன் கையில் கத்தி இருந்ததால் துப்பாக்கிக் கட்டையால் அடித்தே ஏற்றினார்கள். வாத்தியார், தாம் பள்ளிக்கூடத்து ஆசிரியர், சென்செய், சென்செய் என்று சொன்னாராம். ஆமாம், தெரியும் என்று தலையாட்டி அவரை முன் வரிசையில் உட்கார வைத்தார்களாம். மஞ்சளும் மாலையுமாக நின்ற கிடாயையும் ஏற்றினார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் அதிகாரி எங்கள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் அனுப்பினார். வாழை இலையில் சுற்றிய ஆட்டுத் தொடை. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் திருப்பி அனுப்பப் பயம். சமைக்கச் சொன்னார். சமைத்துக் கொடுத்தேன். வெகுநாளைக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டார். நான் குழம்பைத் தொடவில்லை. எனக்குக் கொள்கை இருக்கிறது.

அதன்பிறகு அப்பாவை யாரும் அறையவில்லை. வெள்ளையனை ஓட்ட ஆள் இல்லாததால் அதையும் செகாமட் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு பிரம்படி இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரட்டுக்களத்தில் சாயங்காலக் கூட்டம் நின்றுபோனது. என் பாட்டைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போனதில் எனக்கு உண்மையாகவே குறைதான்.

போன மாதம் சயாமிலிருந்து ஒருவர் திரும்பி வந்தார். ஆற்றோரத்தில் வாந்திபேதியில் ஐயாசாமி அண்ணன் போய்விட்டதாகச் சொன்னார். வாத்தியாருக்குக் காலில் புண் வந்து அழுகிவிட்டதாம். கடைசிவரை பக்கத்தில் படுத்திருந்தவர்களின் பாட்டையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தாராம். அவர் அப்படித்தான் செய்திருப்பார்.

கருப்பாயி அக்காவுக்கு இது எப்படித் தெரிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சரணடைந்த ஜப்பான் சிப்பாய்களைக் கொண்டு சாஆ சாலையைச் செப்பனிடுகிறீர்கள். செல்லம் அங்கே போய், மிட்டாய் கிடைக்கும் என்று கொம்பு வைத்துக்கொண்டு பாடியிருக்கிறாள். வயதான ஒரு சிப்பாய் மண்வாரியைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் குழந்தைக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். தெரிந்த மலாயில் அக்காவுக்கு வரிவரியாக அர்த்தம் சொல்லியிருக்கிறார்.

அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வாசலில் நின்றார்.

"வேற புள்ள கிடைக்கலயா கண்ணு உனக்கு? அவ அப்பனைக் காட்டிக்குடுக்க அவ வாய்தானா கிடைச்சுது?"

குரல் நன்றாக இருந்தது அக்கா என்றேன். அது உண்மை.

செல்லத்திடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வரும்போது பார்த்தேன், அம்மா மடியில் உட்கார்ந்து அந்த மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் வாயைப் பொத்தினார்.

ஆகவே, ஆமாம் ஐயா. பாட்டை எழுதியது நான். கேட்பவர் என்ன செய்வார் என்று தெரிந்துதான் எழுதினேன். லாரியைப் பார்த்திருக்கிறேன், காலியாகப் போனதையும் பார்த்திருக்கிறேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வாயில்லாப் பிராணியின் உயிருக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

என்ன கேட்டீர்கள்?

இல்லை, காகிதத்தைத் திருப்பிக் காட்ட வேண்டாம். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். ஆட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்கிற வரி எது என்றுதானே கேட்கிறீர்கள்.

கொஞ்சம் இருங்கள்.

நீங்கள் சொல்வது சரி. அப்படி ஒரு வரி அதில் இல்லை. இத்தனை நாளில் இதை யாரும் சொன்னதில்லை. நல்ல குறை, கேட்டுக்கொள்கிறேன், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது குழந்தைகள் பாடுகிற சின்னப் பாட்டு ஐயா. ஆண்கள் எல்லாரையும் உள்ளே கொண்டுவரவே இடம் சரியாகப் போய்விட்டது.